பதினான்காம் கட்டிலின் மணி

ஒயரக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி. எந்தச் செய்தி எந்த வழியாக எங்கே போனது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை கதவைச் சாத்திக்கொண்டு பேசிய விஷயம் மதியத்துக்குள் கடைசி வகுப்புக்கு எப்படி வந்து சேருகிறது என்று கண்டுபிடிக்க மூன்று நாள் வராந்தாவில் நின்றவள் அவள். மற்ற பிள்ளைகளுக்கு விஷயம் முக்கியம், இவளுக்கு அது வந்த வழி முக்கியம். மணி அடிக்கிற அம்மாவில் ஆரம்பித்து ஏழாம் வகுப்பு லீடர் வரைக்கும் சங்கிலியைக் கையும் களவுமாகப் பிடித்தாள். பிடித்ததோடு விட்டாளா? எல்லாரிடமும் சொல்லி, எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அப்படியும் புத்தி வரவில்லை. அதற்கு நாம் என்ன செய்ய முடியும்?

அந்த வியாதியோடுதான் மின்வேலை படித்தாள், அந்த வியாதியோடுதான் ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சேர்ந்தாள். ஒப்பந்த வேலை. பதினோரு வருஷமாக அதே ஒப்பந்தம். மின்பிரிவில் ஐந்து ஆண்கள், இவள் ஒருத்தி. கழுத்தில் எந்நேரமும் ஒயர்ச் சுருளை மாட்டிக்கொண்டு நடப்பதால் இரண்டாம் மாடி வார்டு நர்ஸுகள் வைத்த பேர் அது. இப்போது நாற்பத்து மூன்று வயது. சம்பளச் சீட்டில் இருக்கும் பேர் அவளுடைய வீட்டுக்காரருக்கே யோசித்தால்தான் ஞாபகம் வரும்.

இரண்டாம் மாடி வார்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. ஆறு அறை. அறைக்கு நாலு கட்டில். ஒன்றிலிருந்து இருபத்து நாலு வரை வரிசையாக நம்பர். நடைபாதை மூன்றாவது அறை தாண்டியதும் வலது பக்கம் திரும்பிவிடும். நர்ஸ் மேஜை இந்தக் கோடியில். மேஜையில் உட்கார்ந்தால் முதல் மூன்று அறைவாசல்தான் தெரியும், மற்ற மூன்றும் திருப்பத்துக்கு அந்தப் பக்கம். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பொத்தான். அழுத்தினால் அறைவாசலுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும், நர்ஸ் மேஜையில் இருக்கும் பேனலில் மணி அடித்துக் கட்டில் நம்பர் வரும். திருப்பத்துக்கு அப்பால் இருக்கிறவர்களுக்கு அந்த நம்பரை விட்டால் வேறு கதி இல்லை. மேஜையில் இருக்கிறவர்களும் விளக்கை நிமிர்ந்து பார்ப்பதில்லை, நம்பர் எதுவோ அங்கே ஓடுவார்கள்.

முன்பு இதெல்லாம் தனித்தனி ஒயர். எலி கடித்தே தீர்த்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வாங்கி மாட்டினார்கள். மாட்ட வந்த ஆள் இரண்டு நாள் தட்டிவிட்டு, "அவ்ளோதான், ஈஸி" என்று சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான். ஆண்கள் ஐந்து பேரும் அந்தத் திரையைப் பார்த்து, நமக்கு எதற்கு வம்பு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஒயரக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

திரையில் ஒரு வரி எழுத்துகூட இல்லை. பெட்டி பெட்டியாக இருந்தது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே கோடு. ஒரு பெட்டி ஒரு வேலைதான் செய்யும். தன்னிடம் வந்ததை வாங்கும், செய்யவேண்டியதைச் செய்யும், கோட்டின் வழியாக அடுத்த பெட்டியிடம் தள்ளிவிடும். அப்படித் தள்ளிவிடுகிற செய்திக்கு அவள் 'சீட்டு' என்று பேர் வைத்தாள். பதினான்காம் கட்டிலில் பொத்தானை அழுத்தினால் 'கட்டில் 14' என்று ஒரு சீட்டு கிளம்பும். அது எந்தெந்தப் பெட்டிக்குள் நுழைந்து எங்கே போய்ச் சேருகிறது என்பதை விரலால் தொட்டுக்கொண்டே போகலாம். யோசித்துப் பாருங்கள். வராந்தாவில் மூன்று நாள் நின்றவளுக்கு இது எப்படி இருந்திருக்கும்!

சீட்டு அனுப்புவதில் எத்தனை வழி என்று வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் வீட்டுக்காரரிடம் சொல்லி அவர் உயிரை எடுத்தாள். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர், நாளெல்லாம் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வருகிறவர். பொறுமைசாலி.

"கோடு போட்டு அனுப்பறது ஒண்ணு. கோடே இல்லாம பேர் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பறது இன்னொண்ணு. இந்தப் பக்கத்துல இருக்கற பெட்டி கூப்பிடும், வேற பக்கத்துல இருக்கற பெட்டிக்குக் கேக்கும். மூணாவது ஒண்ணு இருக்குங்க, பொதுவா ஒரு கரும்பலகை மாதிரி. எழுதிப் போட்டுட்டா போதும், வேணுங்கறவங்க வந்து பாத்துக்கலாம். எனக்கு அது மட்டும் பிடிக்கல."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"யாருக்கும் சொல்லாது அது. எழுதினதோட சரி. பாத்தாதான் தெரியும், பாக்கலன்னா போச்சு."

"நான் காலண்டர்ல எழுதி வைக்கற மாதிரி."

"அதேதான். போன மாசம் உங்க தங்கச்சி வர்றதை எழுதி வெச்சீங்களே. எழுதினா சொன்னதா ஆயிடுமா? நான் அழுக்குப் புடவையோட வாசல்ல நின்னேன்."

அவர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இன்னொரு சமாசாரமும் அவள் கற்றுக்கொண்டாள். ஒரு பெட்டியிலிருந்து இரண்டு கோடு பிரிந்தால், இரண்டு பக்கமும் போவது என்ன? ஆளுக்கொரு நகலா, அல்லது ஒரே சீட்டா? பெட்டியின் ஓரத்தில் 'நகல்' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. டிக் போட்டால் ஆளுக்கொரு நகல். டிக்கை எடுத்தால் இரண்டு பேர் கையிலும் அதே ஒரே சீட்டு. இணையத்தில் யாரோ ஒரு மேதாவி, நகல் எடுத்தால் வேகம் குறையும், டிக்கை எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். அவள் எடுத்துவிட்டாள். வேகமாகத்தான் ஓடியது. இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. அந்த மேதாவி எந்த ஆஸ்பத்திரியிலும் மணி மாட்டியவர் இல்லை என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

சாயங்காலம் நாலு மணி முதல் ஆறு வரை பார்வையாளர் நேரம். வார்டு சந்தைக்கடை மாதிரி இருக்கும். பதினான்காம் கட்டிலில் காலில் அறுவை செய்துகொண்ட ஒரு ஓய்வுபெற்ற ட்ராயிங் வாத்தியார். எழுபத்து நாலு வயது. தனியாக எழுந்திருக்கக் கூடாது என்று அவருக்குக் கண்டிப்பான உத்தரவு. கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று மணி அடித்தார். யாரும் வரவில்லை. இன்னொரு தடவை அடித்தார். மூன்றாவது தடவையும் அடித்தார். பொறுத்துப் பார்த்து, முடியாமல், தானே எழுந்தார். விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது.

மேஜையில் அந்த நேரம் இருந்தது சின்ன சிஸ்டர் மட்டும்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன பெண். கூட இருந்த பெரிய சிஸ்டர் ஒரு நோயாளியை ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருந்தார். சின்ன சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள், பதினான்கு வரவே இல்லை, மூன்று தடவையும் பேனலில் நாலுதான் வந்தது, மூன்று தடவையும் நாலாம் கட்டிலுக்குப் போனேன், அங்கே அவர் ஊசி போட்டுக்கொண்டு அசந்து தூங்கினார் என்று. குறிப்பு நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தாள்: 'நாலு, தேவையில்லை.' மூன்று தடவை.

வாத்தியார் கண்காணிப்பாளரிடம் சொன்னது வேறு. "நான் அடிச்சதும் வாசல் மேல விளக்கு எரிஞ்சுது. கண்ணால பாத்தேன். எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. யாரும் வரல. கிழவன்தானேன்னு விட்டுட்டாங்க."

விளக்கு எரிந்தால் மணி வேலை செய்திருக்கிறது. மணி வேலை செய்திருந்தால் பேனலில் நம்பர் வந்திருக்கிறது. வந்தும் போகவில்லை, அப்புறம் நோட்டில் ஜோடித்து எழுதியிருக்கிறாள். இப்படித்தான் எல்லாரும் கணக்குப் போட்டார்கள். சின்ன சிஸ்டரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, மணியைச் சோதித்து எழுதிக் கொடுக்கும்படி மின்பிரிவுக்குக் கடிதம் வந்தது. வாத்தியார் விழுந்ததிலிருந்து பன்னிரண்டாம் நாள், காலை பத்து மணிக்கு விசாரணை. அதில் தப்பு உறுதியானால் வேலை போகும். இனி எந்த ஆஸ்பத்திரியும் அவளை உள்ளே விடாது.

சோதிக்கப் போனது ஒயரக்காதான். வேறு யாருக்குத் தெரியும்? பதினான்காம் கட்டில் பொத்தானை ஐம்பது தடவை அழுத்தினாள். பெரிய சிஸ்டர் பேனலைப் பார்த்து எண்ணினார். ஐம்பது தடவையும் பதினான்கு. நாலாவது கட்டில் பொத்தானை ஐம்பது தடவை. ஐம்பதும் நாலு. 'குறை ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இருக்கிறதைத்தானே எழுத முடியும்?

மறுநாள் மாடிப்படியில் சின்ன சிஸ்டர் எதிரே வந்தாள். சீருடை இல்லாமல், ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட வந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நீங்களே நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்துட்டீங்களேக்கா."

"நல்லாத்தாம்மா இருக்கு. நூறு தடவை பாத்தேன்."

"அப்ப நான் பொய் சொல்றேன், இல்ல?"

அந்தப் பெண் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

இங்கேதான் அந்தப் பழைய வியாதி கிளம்பியது. பரிதாபம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவளைப் பிடித்து உலுக்கியது வேறொரு கேள்வி. ஏன் நாலு? பொய் சொல்கிறவள் ஏன் நாலு என்று சொல்லவேண்டும்? ஊசி போட்டுத் தூங்குகிறவன் மணி அடித்தான் என்று யாராவது புளுகுவார்களா? பக்கத்துக் கட்டில் பதினைந்து என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் நம்பும்படி இருந்திருக்குமே! பொய்யென்றால் இது படு மட்டமான பொய். அந்தப் பெண் அத்தனை மக்கு இல்லை.

பெரிய சிஸ்டரிடம் போய் வார்டின் குறிப்பு நோட்டுகளைக் கேட்டாள்.

"எதுக்கு?"

"'தேவையில்லை'ன்னு எழுதினதையெல்லாம் பாக்கணும் சிஸ்டர்."

பெரிய சிஸ்டர் சிரித்தார். "அதுவா? அது மூணாம் கட்டில் பேயோட வேலை. கொஞ்ச நாளா அப்படித்தான். மூணுல மணி அடிக்கும், போனா ஆள் பேப்பர் படிச்சிட்டிருப்பார், 'நான் அடிக்கலையே'ன்னுவார். ரெண்டுலயும் அப்படி. நாங்க யாரும் அதைப் பெருசா எடுத்துக்கறதில்ல."

ஒயரக்கா நோட்டுகளை மின்பிரிவு அறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். மதியம் முழுக்க உட்கார்ந்து, பொய்மணிகளை மட்டும் ஒரு தாளில் எழுதினாள். மூன்று, ஐந்து, இரண்டு, ஆறு, மூன்று, நாலு, ஐந்து. அறுபத்தேழு பொய்மணி. எழுதி முடித்துவிட்டுத் தாளை வெறித்துப் பார்த்தாள். ஆறுக்கு மேல் ஒரு நம்பர் இல்லை. இருபத்து நாலு கட்டில் இருக்கிற வார்டில் பேய்க்கு ஏன் முதல் ஆறு கட்டில்தான் பிடிக்கிறது?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு பொய்மணிக்கும் சற்று முன்னால், அதே நிமிஷத்தில், வேறொரு கட்டிலின் மணி இருந்தது. தனியாக வந்த பொய்மணி ஒன்றுகூட இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் புரட்டினாள். 'ஒன்பது, பிள்ளைகள் விளையாட்டு.' அதற்குக் கீழே 'நாலு, தேவையில்லை.' மறுபடி ஒன்பது, மறுபடி நாலு. ஒன்பதாம் கட்டில்காரரைப் பார்க்க வந்த வாண்டுகள் பொத்தானை விளையாட்டுச் சாமான் ஆக்கியிருந்தார்கள்.

வார்டில் ஆறு என்று எண்ணக்கூடியது எது? அறை. ஆறு அறை. பதினான்காம் கட்டில் எந்த அறை? பதின்மூன்றிலிருந்து பதினாறு வரை... நாலாவது அறை.

நோட்டை அப்படியே போட்டுவிட்டுத் திரைக்கு ஓடினாள்.

திரையில் இருந்ததைச் சொல்கிறேன். கட்டில் பெட்டியிலிருந்து இரண்டு கோடு. ஒன்று பேனலுக்கு. மற்றது விளக்குக்கு. விளக்கு அறைக்கு ஒன்றுதானே, கட்டிலுக்கு ஒன்று இல்லையே? அதனால் விளக்குப் பெட்டி தன் கைக்கு வந்த சீட்டில் பதினான்கை அழித்துவிட்டு நாலு என்று எழுதிக்கொள்ளும். நகல் என்றால் அழித்துக்கொள்ளட்டும், யாருக்கு என்ன? ஆனால் டிக்கைத்தான் மேதாவி எடுக்கச் சொன்னாரே! இரண்டு பேர் கையிலும் ஒரே சீட்டு. இத்தனை நாள் பேனல் முந்திக்கொண்டு படித்துவிட்டது, அப்புறம்தான் விளக்குப் பெட்டி அழித்தது. அதனால் பிழைத்தோம்.

ஆறு வாரத்துக்கு முன், இரண்டு மணி ஒன்றாக வந்தால் பேனல் ஒன்றை விழுங்கிவிடுகிறது என்று நர்ஸுகள் சொன்னார்கள். அதற்காக ஒயரக்கா பேனலுக்கு முன்னால் ஒரு வரிசைப் பெட்டி வைத்தாள். முதல் மணி ஐந்து விநாடி பேனலில் நிற்கும், இரண்டாவது அதுவரை வரிசையில் காத்திருக்கும். நல்ல யோசனைதான், நர்ஸுகள்கூடப் பாராட்டினார்கள். ஆனால் வரிசையில் காத்திருக்கிற அந்த ஐந்து விநாடியில், அந்தப் பக்கம் விளக்குப் பெட்டி அதே சீட்டில் அழித்து எழுதிவிடுகிறது. சீட்டின் முறை வரும்போது பேனல் படிப்பது பதினான்கு இல்லை, நாலு.

வேறொரு பேனலையும் இரண்டு பொத்தானையும் எடுத்து மேஜையில் வைத்து இணைத்தாள். ஒன்பதை அழுத்தினாள், உடனே பதினான்கை அழுத்தினாள். பேனலில் ஒன்பது வந்தது. ஐந்து விநாடி. அப்புறம் வந்தது, நாலு.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தியேவிட்டாள். நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அறுபத்தேழு பொய்மணியும் வந்த வழி பட்டப்பகல் மாதிரி தெரிந்துவிட்டதே!

அடுத்த நிமிஷம் வேறு கேள்விகள் வந்தன. டிக்கை எடுத்தது யார்? வரிசைப் பெட்டி வைத்தது யார்? குறை இல்லை என்று கையெழுத்துப் போட்டது யார்? கிழவருக்கு இடுப்பெலும்பு போய், ஒரு பெண்ணுக்கு மானமும் போய், இவள் துள்ளிக்கொண்டு நிற்கிறாள். தன்மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

அழுதுகொண்டே முதலில் செய்தது, பழைய அமைப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு வார்டின் கம்ப்யூட்டரில் 'நகல்' கட்டத்தில் டிக் போட்டது. அதற்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. இத்தனை கூத்துக்கும் மருந்து ஒரு டிக்.

மின்பிரிவு மேற்பார்வையாளரை எல்லாரும் 'ஃபைல் அண்ணன்' என்பார்கள். கக்கத்தில் ஃபைல் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டிக் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்ணே."

"அப்ப விஷயம் முடிஞ்சுது. இனிமே யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

"அந்தப் பொண்ணு?"

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா யோசி. அடுத்த மாசம் நிரந்தரம் பண்றாங்க, லிஸ்ட்ல உன் பேரு இருக்கு. நானே எழுதினேன். பதினோரு வருஷம் காத்திருந்திருக்க. நீயா போய்த் தலையைக் குடுத்தா, லிஸ்ட்ல பேரு போறது மட்டுமில்ல, கேட்டுக்கு வெளியதான் நிக்கவேண்டியிருக்கும்."

அவர் கெட்டவர் இல்லை. அவளுக்காகத்தான் சொன்னார். அதனால்தான் அது அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நீ சொல்லலன்னா உனக்குத் தூக்கம் வராது."

"வராது."

"உனக்கு வரலன்னா நீ புரண்டு புரண்டு படுத்து எனக்கும் வரவிடமாட்ட. காலையில நான் நாப்பது பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டணும். போய்ச் சொல்லிடு."

"வேலை போச்சுன்னா?"

"அதைப் போனப்புறம் பாத்துக்கலாம். வீட்டு ஃபேனை ஒரு வருஷமா மாட்டறேன் மாட்டறேன்ங்கற, அதையாவது மாட்டு."

அவள் சிரித்தாள். பயம் போகவில்லை, ஆனால் சிரிப்பு வந்தது.

விசாரணை அறையில் நீள மேஜை. கண்காணிப்பாளர், தலைமை நர்ஸ், ஃபைல் அண்ணன். எதிரே நாற்காலியின் நுனியில் சின்ன சிஸ்டர். ஒயரக்கா ஒரு பேனலையும் இரண்டு பொத்தானையும், பழைய அமைப்பின் பிரதியை ஏற்றிய வேறொரு கம்ப்யூட்டரையும் கொண்டுவந்து மேஜையில் பரப்பினாள். ஃபைல் அண்ணன் அவளைப் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

"என்ன இது?" என்றார் கண்காணிப்பாளர். "உங்க அறிக்கைதான் இருக்கே."

"அந்த அறிக்கை தப்பு சார். இது ஒன்பதாம் கட்டில் பொத்தான், இது பதினாலு. நீங்க ஒன்பதை அழுத்துங்க. உடனே மேடம் பதினாலை அழுத்தட்டும்."

கண்காணிப்பாளர் அழுத்தினார். தலைமை நர்ஸ் அழுத்தினார். பேனலில் ஒன்பது. எல்லாரும் காத்திருந்தார்கள். நாலு.

சின்ன சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மறுபடியும்," என்றார் கண்காணிப்பாளர். மறுபடியும் நாலு. ஏழெட்டுத் தடவை அவரே அழுத்திப் பார்த்தார். அவருக்கும் கொஞ்சம் அந்த வியாதி இருந்திருக்கவேண்டும். "எப்படி இது?" என்று நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். ஒயரக்கா ஒரு தாளை எடுத்துப் பதினான்கு என்று எழுதினாள். ஒரு ஓரத்தை அவரிடம் பிடிக்கச் சொன்னாள், மறு ஓரத்தைத் தலைமை நர்ஸிடம் பிடிக்கச் சொன்னாள். "ரெண்டு பேர்கிட்டயும் இதே ஒரு தாள்தான் சார். நீங்க படிக்க உங்க முறை வரலைன்னு காத்திருக்கீங்க. அதுக்குள்ள மேடம் அவங்க வேலைக்காக அழிச்சு நாலுன்னு எழுதிடறாங்க. அப்புறம் நீங்க படிச்சா?" அவர் தாளைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"அப்ப ஏன் குறை இல்லைன்னு எழுதினீங்க?"

"ஒவ்வொண்ணாத்தான் அழுத்திப் பாத்தேன் சார். ரெண்டைச் சேத்து அழுத்திப் பாக்கணும்னு தோணல."

"இதை இப்படிச் செஞ்சு வெச்சது யாரு?"

"நான்தான்," என்றாள். "ரெண்டையும் நான்தான் செஞ்சேன். சிஸ்டர் நோட்டுல எழுதினது அத்தனையும் நெசம். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

சின்ன சிஸ்டரை அன்றைக்கே வேலைக்கு வரச் சொன்னார்கள். ஒயரக்காவுக்கு விளக்கம் கேட்டு மெமோ. நிரந்தரப் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிட்டதாக ஃபைல் அண்ணன் வெளியே வந்து மெதுவாகச் சொன்னார். கேட்டுக்கு வெளியே நிற்க வைக்கவில்லை, அவ்வளவுதான் மிச்சம்.

வராந்தாவில் சின்ன சிஸ்டர் அவளைக் கட்டிப் பிடித்து அழுவாள் என்று நினைத்தீர்களா? இல்லை. கிட்டே வந்து நின்றாள். "பன்னண்டு நாளுக்கா," என்றாள். "எங்கம்மாவே என்னை ஒரு மாதிரி பாத்தாங்க." அவ்வளவுதான் சொன்னாள். சீருடை மாற்றப் போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது?

ஒயரக்கா நேரே நாலாவது அறைக்குப் போனாள். இதை யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. வாத்தியார் அசைய முடியாமல் மல்லாந்து படுத்திருந்தார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அந்தச் சாயங்காலத்தைச் சொல்லிச் சொல்லிப் பக்கத்துக் கட்டில்காரருக்கு அது மனப்பாடம் ஆகியிருந்தது.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். நான் யார், என்ன செய்தேன், ஏன் இப்படி ஆனது என்று. மன்னிச்சிடுங்க என்றாள். அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"எனக்கு இந்தப் பெட்டி கோடெல்லாம் புரியலம்மா," என்றார் கடைசியில். "ஒண்ணு மட்டும் சொல்லு. நான் மொதல் தடவை அடிச்சப்ப அந்தப் பொண்ணு எழுந்துச்சா?"

"எழுந்தாங்க சார். நாலாம் கட்டிலுக்குப் போனாங்க."

"ரெண்டாவது தடவை?"

"அப்பவும் போனாங்க. மருந்து எடுத்துட்டு இருந்ததைப் பாதியில வெச்சிட்டுப் போனதா நோட்டுல இருக்கு."

"மூணாவது தடவையும்?"

"மூணாவது தடவையும் ஓடினாங்க. வேற யாரும் இல்ல, அவங்க ஒருத்தர்தான்."

வாத்தியாரின் தாடை ஆடியது. கண்ணிலிருந்து வழிந்தது காதுப்பக்கம் போனது, துடைக்கக் கை எழவில்லை. ஒயரக்கா துடைத்துவிட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கஷ்டப்பட்டுத் தலையைப் பக்கத்துக் கட்டில் பக்கம் திருப்பினார்.

"கேட்டீங்களா?" என்றார் அவரிடம். "மூணு தடவையும் வந்திருக்காங்க."